இரண்டாம் நாற்காலி

1931ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10ஆம் திகதி, நியூயோர்க் நகரின் பார்க் அவெனியூவிலுள்ள உயர்ந்த கட்டிடமொன்றின் ஒன்பதாவது மாடி அலுவலகத்தினுள் அரசாங்க உத்தியோகத்தர்கள் எனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு சிலர் நுழைந்தார்கள். அவர்கள் உத்தியோகத்தர்கள் அல்லர். சில நிமிடங்களில் அந்த அலுவலகத்தின் சொந்தக்காரரான சல்வத்தோரே மரன்சானோ கத்திக்குத்துகளுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இலக்காகிப் பிணமாகக் கிடந்தார். அமெரிக்காவின் இத்தாலியப் பாதாள உலகம் முழுவதற்கும் தானே தலைவன் என அவர் தன்னைப் பிரகடனப்படுத்தி ஐந்து மாதங்கள்கூட நிறைவுறவில்லை.

மரன்சானோ யூலியஸ் சீசரின் மீது தீராத பற்றுக் கொண்டவர் என்பதும், சீசரைப் பற்றிய நூல்களைத் தேடிச் சேர்த்து வைத்திருந்தார் என்பதும் அவருடன் பழகியவர்கள் பின்னாளில் கூறிய செய்திகளாகும். உரோமப் படையணிகளின் அமைப்பை மனத்திற் கொண்டே அவர் தனது குழுக்களை வகுத்தார் என்பர். உச்சியில் தலைவன், அவனுக்குக் கீழே உபதலைவன், அவனுக்குக் கீழே அணித்தளபதிகள், அடித்தளத்திற் சிப்பாய்கள். சீசரைக் கற்ற அந்த மனிதர், சீசரின் வரலாற்றின் கடைசி அத்தியாயத்தை மாத்திரம் எவ்வாறு கவனியாது விட்டார் என்பதுதான் எனக்கு விளங்காத விடயம். அவரைக் கொல்ல ஏற்பாடு செய்தவர் வெளியிலிருந்து வந்த பகைவர் அல்லர். அவரது அணியில் அடுத்த நாற்காலியில் இருந்த லக்கி லூசியானோ என்பவரே அவர்.

அதே லூசியானோ, அதே ஆண்டு ஏப்ரில் 15ஆம் திகதி, தனது முந்தைய தலைவரான ஜோ மசேரியாவையும் இவ்வாறே முடித்திருந்தார். கொனி தீவிலுள்ள உணவகமொன்றில் இருவரும் ஒன்றாக உணவருந்திய பின்னர், லூசியானோ கைகழுவும் அறைக்குச் சென்றிருந்த வேளையிற் சூடு நடந்தது என்பது பாதாள உலகில் வழங்கும் கதை. ஐந்து மாதங்களுக்குள் இரு தலைவர்கள். இரண்டு தடவையும் இரண்டாம் நாற்காலியில் இருந்தவன் ஒருவனே. மூன்றாவது தலைவனாகத் தான் அமர்ந்தபோது, 'தலைவர்களுக்கெல்லாம் தலைவன்' என்ற பட்டத்தையே லூசியானோ ஒழித்துவிட்டு, குடும்பத் தலைவர்கள் கூடிப் பேசும் ஒரு சபையை அமைத்தார். அந்த நாற்காலி எத்தகையது என்பதை அவரை விட நன்கறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1931ஆம் ஆண்டின் ஜனவரி மாதத்தில், 'லிட்டில் சீசர்' என்ற ஹொலிவூட் திரைப்படம் வெளிவந்திருந்தது. எட்வேர்ட் ஜி. ரொபின்சன் அதில் நடித்த ரிக்கோ என்னும் பாத்திரம், தன் தலைவனை ஒதுக்கிவிட்டு அவனது இடத்தில் அமர்ந்து, அதன் பின் விழுந்து போகின்ற ஒரு சில்லறைக் குற்றவாளியினது கதை. கதையில் வரும் சின்னச் சீசர் திரையிலே செத்த சில மாதங்களில், உண்மையான சீசர் பக்தர் அலுவலகத்திலே செத்தார். திரைப்படம் வாழ்க்கையைப் பார்த்து எடுக்கப்பட்டதா, வாழ்க்கை திரைப்படத்தைப் பார்த்து நடந்ததா என்று கேட்பது வீண். இரண்டும் ஒரே பழைய நாடகத்தைத்தான் நடித்தன.

1948இல் ரொபேர்ட் வோர்ஷோ என்ற அமெரிக்க விமர்சகர், பாதாள உலகத் திரைப்படத்தின் நாயகன் நவீன காலத்தின் துன்பியல் நாயகனே என்ற கருத்தை முன்வைத்துச் சிறு கட்டுரையொன்றை எழுதினார். வெற்றி பெறுவதற்காகத் தனிமைப்பட்டு, தனிமைப்பட்டதன் காரணமாகவே அழிவது அவனது விதி என்பது அவரது வாதம். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர் நாயகனின் தனிமையைப் பார்த்த அளவுக்கு அவன் ஏறி வந்த ஏணியைப் பார்க்கவில்லை என்பது எனது எண்ணம். ஏணியைப் பார்க்க வேண்டுமாயின் மக்பெத்திடமே போக வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் மக்பெத் என்றொரு மன்னன் உண்மையாகவே வாழ்ந்தான். 1040இல் டங்கன் மன்னனை அவன் கொன்றது படுக்கையறையில் அல்ல, போர்க்களத்தில். டங்கனும் நாடகத்தில் வருவது போன்ற நரைத்த முதியவன் அல்லன். மக்பெத் 17 ஆண்டுகள் ஆட்சி செய்தான். 1050இல் உரோமுக்கு யாத்திரை சென்று ஏழைகளுக்குப் பணத்தை வாரி வழங்கினான். 1057இல் டங்கனின் மகன் மல்கமின் கையால் மாண்டான். அக்காலத்து ஸ்கொட்லாந்தில் அரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு இயல்பாகச் செல்வதில்லை. அரச குலத்தின் கிளைகளுக்குள்ளே வலியவனைத் தேடிச் செல்லும். அந்த வழக்கின்படி மக்பெத் சிம்மாசனத்தைத் திருடியவன் அல்லன், அதற்குப் போட்டியிட்டவன்.

இந்த மன்னனை எடுத்து ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? ஹொலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலே, டங்கனுக்கு முன்னர் வாழ்ந்த டஃப் என்ற மன்னனை அவனது நம்பிக்கைக்குரிய டொன்வோல்ட், மனைவியின் தூண்டுதலாற் கோட்டைக்குள்ளேயே கொல்விக்கும் கதை ஒன்று உண்டு. அந்தக் கொலையைக் கொண்டுவந்து மக்பெத்தின் தலையில் வைத்தார். அதே நூலில் பாங்கோ என்ற தளபதி மக்பெத்தின் சதிக்கு உடந்தையாக இருக்கிறான். நாடகத்திலோ அவன் கறைபடாதவனாகிவிட்டான். காரணம் வெளிப்படையானது. 1603இல் இங்கிலாந்தின் சிம்மாசனத்தில் ஏறிய முதலாம் ஜேம்ஸ் மன்னர் பாங்கோவின் வழித்தோன்றல் எனச் சொல்லிக்கொண்டவர்; ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவோ அந்த மன்னரின் பெயரைத் தாங்கிய குழு. படியளக்கும் மன்னரின் மூதாதையைத் துரோகியென மேடையேற்ற எந்த நாடகாசிரியருக்கும் துணிவு வராது. இத்தனைக்கும் பாங்கோ என்றொருவன் வாழ்ந்ததற்கே வரலாற்றில் ஆதாரமில்லை. யார் துரோகி என்ற பட்டியல் ஆட்சியிலிருப்பவரின் வசதிக்கேற்பத் திருத்தப்படுவதற்கு இதனிலும் நல்ல உதாரணம் தேவையில்லை.

நாடகத்தின் தொடக்கத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். கோடர் பிரபு என்றொருவன் மன்னனுக்கு எதிராகச் சதி செய்து பிடிபடுகிறான். அவனுக்கு மரண தண்டனை. அவனது பட்டம் மக்பெத்துக்கு. அந்த மனிதன் மீது தான் பூரண நம்பிக்கை வைத்திருந்ததாக டங்கன் வருந்திச் சொல்லி முடிக்கும் தறுவாயில், அந்தப் பட்டத்துக்குப் புதிய சொந்தக்காரனான மக்பெத் மேடைக்குள் வருகிறான். ஒரு துரோகியின் சட்டையைக் கழற்றி இன்னொருவனுக்கு அணிவிக்கிறார்கள். அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிடுகிறது. அதன் பின்னர் டங்கன் தன் மகன் மல்கமை இளவரசனாக அறிவிக்கிறான். போரை வென்று தந்தவனுக்குப் பட்டமும் பாராட்டும், போரில் மீட்கப்பட வேண்டியிருந்த மகனுக்கு முடி. மக்பெத்தின் மனத்திலே கொலை ஒரு திட்டமாக உருக்கொள்வது சூனியக்காரிகளின் வாக்கினால் மாத்திரமன்று, இந்த அறிவிப்பினாலும்தான். ஏணியின் அடியில் நிற்பவன் உச்சியைக் கனவில் காண்கிறான். ஒரு படி கீழே நிற்பவனோ அதனைக் கையால் தொடும் தூரத்திற் காண்கிறான்.

இந்நாடகத்தில் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும் இடம் கொலைக்காட்சி அன்று. மக்டஃபின் மனைவியும் சிறுமகனும் பேசும் சிறிய காட்சி. மக்டஃப் மக்பெத்துக்கு அஞ்சி இங்கிலாந்துக்குத் தப்பியோடிவிட்டான். கைவிடப்பட்ட மனைவி தன் கணவனே துரோகியென மனம் கசந்து சொல்கிறாள். துரோகியென்றால் யார் என்று பிள்ளை கேட்கிறது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்பவன் என்கிறாள் தாய். அப்படியானவர்கள் எல்லாரையும் தூக்கிலிட வேண்டுமா? வேண்டும். யார் தூக்கிலிடுவது? நேர்மையானவர்கள். அவ்வாறாயின் பொய்யர்கள் முட்டாள்கள், ஏனெனில் அவர்களது தொகை நேர்மையானவர்களை அடித்துத் தூக்கிலிடப் போதுமானது என்கிறான் சிறுவன். சிறிது நேரத்திற் கொலைகாரர்கள் வருகிறார்கள். அவர்கள் மக்டஃபைத் துரோகி என்கிறார்கள். சிறுவன் அது பொய் என்று கத்துகிறான். அவனைக் குத்திக் கொல்கிறார்கள்.

இக்காட்சியை முதன்முதலிற் பார்த்த இலண்டன் மக்களுக்கு அது வெறும் கற்பனையன்று. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கச் சதி செய்தவர்கள் 1606 ஜனவரியிற் பகிரங்கமாகக் கொல்லப்பட்டனர். சதியை அறிந்திருந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஹென்றி கார்னெட் என்ற இயேசுசபைத் துறவி மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். சத்தியம் செய்துவிட்டு இருபொருள்படப் பேசுவது பாவமா என்பது அவரது வழக்கின் பெரிய விவாதம். அந்த ஆண்டை ஒட்டியே மக்பெத் எழுதப்பட்டதெனக் கொள்வர். ஊரெங்கும் துரோகி என்ற சொல் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், அச்சொல்லின் பொருளை ஒரு பிள்ளையின் வாயால் கேட்க வைத்தார் ஷேக்ஸ்பியர்.

நான் பத்திரிகையிற் பணியாற்றிய காலத்தில் எங்கள் மண்ணிலும் அச்சொல் அவ்வாறே ஒலித்தது. 1980களில் வடக்கிலே மின்கம்பங்களிற் கட்டப்பட்டுச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் அட்டைகள் தொங்கின. ஒரு தரப்பு மாத்திரம் அதனைச் செய்யவில்லை. அட்டையில் எழுதப்பட்டது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். செய்தி மேசையில் எழுகின்ற வினா மிகவும் சிறியதாகத் தோன்றும்: அச்சொல்லை மேற்கோட் குறிகளுக்குள் இடுவதா, குறிகளின்றி இடுவதா? குறியிட்டால் எழுதிய அட்டைக்காரரை ஐயுறுவதாக ஆகும். குறியிடாவிட்டால் செத்தவரை நாமும் ஒருமுறை கொன்றதாக ஆகும். இரண்டு சிறு கோடுகளுக்காகச் செய்தியாசிரியர்கள் நள்ளிரவு வரை பேசாதிருந்ததை நான் கண்டிருக்கிறேன். மக்டஃபின் மகன் கேட்ட வினா எனக்கு இலக்கியமாக மாத்திரம் தோன்றாமைக்கு இதுவே காரணம்.

பழைய நாடகத்தையும் பாதாள உலகத்தையும் தெரிந்தே ஒரே மேடையில் ஏற்றியவர் ஜெர்மானிய நாடகாசிரியரான பேர்தோல்ட் பிரெக்ட். நாசிகளிடமிருந்து தப்பிப் பின்லாந்தில் தங்கியிருந்த அவர், 1941இல் 'ஆர்த்துரோ உய்' பற்றிய நாடகத்தை எழுதினார். சிக்காகோவிலே பூக்கோவா வியாபாரத்தைக் கைப்பற்றும் குண்டர் தலைவன் உய் என்பவனே ஹிட்லர். பழைய நடிகன் ஒருவனிடம் நடக்கவும் நிற்கவும் பேசவும் உய் பயில்கிறான். அவனுக்குக் கற்பிக்கப்படுவது யூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் அன்ரனி ஆற்றும் இரங்கலுரை. அவனது நெருங்கிய தோழனான ரோமா, 1934 ஜூன் 30ஆம் திகதி தொடங்கிய களையெடுப்பில் ஹிட்லரால் ஒழிக்கப்பட்ட ஏர்ன்ஸ்ட் ரோமைக் குறிப்பவன். கொல்லப்பட்ட ரோமா, பாங்கோவைப் போல ஆவியாக வந்து நிற்கிறான். இங்கே துரோகம் மேலிருந்து கீழே இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைவன் இரண்டாம் நாற்காலிக்கு அஞ்சி முந்திக்கொள்கிறான். கொன்ற பின்னர் செத்தவன் மீது சதிக்குற்றமும் சுமத்தப்படுகிறது. பிரெக்ட் இந்நாடகத்தை மேடையிற் காணவில்லை. அவர் 1956இல் மறைந்த பின்னர் 1958இலேயே அது அரங்கேறியது.

இனி 'காட்ஃபாதர்'. 1972இல் வெளிவந்த முதற் பாகத்தையும் 1974இல் வந்த இரண்டாம் பாகத்தையும் பற்றி எழுதப்படாதது எதுவுமில்லை. ஆதலால் எனக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். முதியவரான வீட்டோ கோர்லியோனி தன் மகன் மைக்கேலுக்குச் சொல்லும் கடைசி அறிவுரை நினைவிருக்கலாம். எதிரியுடன் சமரசச் சந்திப்பு ஒன்றுக்கான செய்தியை நம்மவர்களில் எவன் கொண்டுவருகிறானோ அவனே துரோகி என்கிறார் அவர். தந்தையின் இறுதிக் கிரியையின்போதே அச்செய்தியை டெசியோ கொண்டுவருகிறான். குடும்பத்துக்கு ஆரம்ப காலம் முதல் உழைத்த இரு அணித்தளபதிகளில் ஒருவன். மற்றவனான கிளெமென்சாவே துரோகியாவான் என எதிர்பார்த்ததாகச் சட்டத்தரணி டொம் சொல்லும்போது, டெசியோவே இருவரிலும் கெட்டிக்காரன் என்கிறான் மைக்கேல். அந்த மறுமொழி எனக்கு மிகவும் பிடித்தமானது. கெட்டவன் துரோகம் செய்வான் என்பது சாதாரண அறிவு. கணக்குத் தெரிந்தவன் செய்வான் என்பது ஆட்சியாளரின் அறிவு.

இத்திரைப்படம் தயாரான கதையும் இன்னொரு திரைப்படத்துக்குப் போதுமானது. இத்தாலிய அமெரிக்கரின் உரிமைக்கென ஓர் அமைப்பை நடத்திய ஜோ கொலம்போ, படத்தில் 'மாஃபியா' என்ற சொல் வரக்கூடாதென எதிர்த்தார். தயாரிப்பாளர் அதனை நீக்க உடன்பட்டார். கொலம்போ நியூயோர்க்கின் ஐந்து குடும்பங்களுள் ஒன்றின் தலைவராக இருந்தவர். அந்தப் பதவி அவருக்கு எவ்வாறு கிட்டியது? 1960களின் தொடக்கத்தில், வேறு இரு குடும்பத் தலைவர்களைக் கொல்லும் பணி அவரது தலைவரான மக்லியோக்கோவினால் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நேரே கொல்லப்படவிருந்த கார்லோ காம்பினோவிடம் சென்று சதியை வெளியிட்டார். பரிசாகத் தலைவரின் நாற்காலி கிடைத்தது. படப்பிடிப்பு நடந்த அதே 1971ஆம் ஆண்டின் ஜூன் 28ஆம் திகதி, தன் அமைப்பின் கூட்டத்திலே அவர் சுடப்பட்டார். பத்திரிகைப் புகைப்படப்பிடிப்பாளர் வேடத்தில் வந்தவனே சுட்டான். எங்கள் தொழிலுக்கு இதற்கு மேல் அவமானம் வேண்டியதில்லை. கொலம்போ ஏழாண்டுகள் செயலிழந்து கிடந்து 1978இல் இறந்தார்.

இரண்டாம் பாகத்தில் உரோமாபுரி மீண்டும் வருகிறது. ஃபிராங்க் பென்டாஞ்சலி என்ற பழைய தளபதி, மைக்கேல் தன்னைக் கொல்ல முயன்றான் எனத் தவறாக நம்பி, செனற் விசாரணையிலே சாட்சி சொல்ல உடன்படுகிறான். 1963இல் ஜோ வலாச்சி என்ற சிப்பாய் செனற் குழுவின் முன், தொலைக்காட்சி ஒளிக்கருவிகளின் எதிரே, பாதாள உலகின் படிநிலைகளை ஒன்றுவிடாது ஒப்புவித்ததை அமெரிக்கர் மறந்திருக்கவில்லை. திரையிலோ, சிசிலியிலிருந்து வரவழைக்கப்பட்ட அண்ணன் மண்டபத்தில் வாய் திறவாது அமர்ந்திருக்க, பென்டாஞ்சலி தன் வாக்குமூலத்தை விழுங்கிவிடுகிறான். பின்னர் முள்வேலிக்கு அருகே டொம்மும் அவனும் சுருட்டுப் புகைத்தபடி உரையாடுகிறார்கள். குடும்பங்கள் உரோமப் படையணிகளைப் போல அமைக்கப்பட்ட பழைய நாட்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. பேரரசருக்கு எதிரான சதியில் தோற்றவர்கள், தம் குடும்பத்தின் சொத்தைக் காக்க வேண்டித் தாமாகவே குளியல் தொட்டியில் நாளங்களை அறுத்துக்கொண்ட வழக்கத்தை இருவரும் நினைவுகூர்கிறார்கள். மிரட்டல் இல்லை, குரல் உயர்வில்லை. பென்டாஞ்சலி விளங்கிக்கொள்கிறான், தொட்டியில் இறந்து கிடக்கிறான். நீரோ மன்னனின் ஆசிரியரான செனெக்கா கி.பி. 65இல் இறந்த விதமும் ஏறக்குறைய இதுவே. மரன்சானோ வாசித்த புத்தகங்களை இவர்களும் வாசித்திருக்கிறார்கள் என எண்ணத் தோன்றும்.

குரொசாவா 1957இல் மக்பெத்தை யப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்துக்குக் கொண்டு சென்றார். கீழிருப்பவன் மேலிருப்பவனை வீழ்த்துவதற்கென்றே தனிச்சொல் ஒன்றை வழங்கிய காலம் அது. 1582இல் ஒடா நொபுனாகாவை அவரது தளபதி அகெச்சி மிட்சுஹிடே கியோட்டோவின் ஆலயமொன்றில் வளைத்து அழித்தது அந்தக் காலத்தின் பெரும் துரோகம். குரொசாவாவின் நாயகனை எதிரி கொல்வதில்லை; அவனது சொந்த வில்லாளர்களின் அம்புகள் கொல்கின்றன. விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) அதே கதையை மும்பைப் பாதாள உலகில் வைத்தது. சூனியக்காரிகளின் இடத்தில் சாதகம் பார்க்கும் இரு பொலிஸ்காரர்கள். கொலையைத் தூண்டும் பெண் நாயகனின் மனைவி அல்லள், தலைவனின் ஆசைநாயகி. சாதகக்காரரான பொலிஸ்காரர், எந்த ஒரு தரப்பும் மிஞ்சிவிடாதபடி தராசைச் சமன் வைத்துக்கொண்டே இருக்கிறார். இப்பாத்திரத்தை எங்கள் பிராந்தியத்தைச் சேர்ந்த எவரும் விளக்கமின்றியே அடையாளம் காண்பர்.

உண்மை வாழ்க்கையோ கலையை விடவும் கச்சிதமாக நடந்துகொண்டது. 1985 டிசெம்பர் 16ஆம் திகதி தன் தலைவர் போல் காஸ்டெலானோவை மான்ஹட்டன் உணவகமொன்றின் வாசலிற் கொல்வித்து நாற்காலியைப் பிடித்தவர் ஜோன் கொட்டி. அவரது உபதலைவரான சமி கிரவானோ, 19 கொலைகளில் தனக்குப் பங்குண்டென ஏற்றுக்கொண்டு, அரச சாட்சியாகி நீதிமன்றில் ஏறினார். 1992இல் கொட்டிக்கு ஆயுட்சிறை. கிரவானோவுக்கு ஐந்து ஆண்டுகள்.

தமிழில் இந்த விடயம் வேறொரு தடத்திற் சென்றிருக்கிறது. சுவாமி விபுலாநந்தர் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என அழைத்து, அவரது நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தது 1926இல். ஆயினும் எங்கள் கூத்துக் களரிகளில் மக்கள் விடியவிடிய விழித்திருந்து அழுதது துரோகம் செய்தவனுக்காக அன்று, செய்ய மறுத்தவனுக்காக. செஞ்சோற்றுக் கடன் தீர்க்கும் கர்ணனே எங்கள் இரண்டாம் நாற்காலிக்காரன். மணிரத்தினம் 1991இல் 'தளபதி' எடுத்தபோது பாதாள உலகக் கதைக்கு அவர் துணைக்கழைத்தது மக்பெத்தை அல்ல, கர்ணனையே. தலைவனின் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் அதிலேயே இருந்து விடுகிறான்.

இதே வரிசையில் கம்பனின் கும்பகர்ணனை வைக்க வேண்டும். அண்ணன் செய்தது தவறென்று அவனுக்குத் தெரியும். சபையிலே சொல்லியும் விட்டான். களத்துக்கு வந்தபோது, இராமன் பக்கம் போய்விட்ட தம்பி விபீடணன் அவனைத் தேடி வந்து தன்னுடன் வந்துவிடும்படி இறைஞ்சுகிறான். கும்பகர்ணன் மறுக்கிறான். சோறிட்டவனுக்காகத் தான் சாக வேண்டும் என்கிறான். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்திலே, தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன் பிரெடோவைத் தாயின் பிரேதத்தின் அருகே மைக்கேல் தழுவிக்கொள்கிறான். தழுவியபடியே கொலையாளியை நிமிர்ந்து பார்க்கிறான். கும்பகர்ணனும் தம்பியைத் தழுவிக்கொள்கிறான். துரோகி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. நீயாவது பிழைத்திரு, எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் வேண்டும், இராமனிடமே திரும்பிப் போ என்று கண்ணீரோடு அனுப்பிவிட்டு, போருக்குத் திரும்புகிறான்.